ஓர் ஊரில் மனம் ஒட்டுவது எப்படி: திருகோணமலைக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை நகரை அடுத்த உப்புவெளியில் எங்கள் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வந்தவர்கள் மீண்டும் வருகிறார்களா, வந்தால் முதலில் எதை விசாரிக்கிறார்கள் என்பதை நான் எப்போதும் கவனிப்பேன். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, புறாமலை, திரியாய் என்று இரண்டே நாளில் ஓடி ஓடிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நன்றி சொல்லி விடைபெற்றதோடு சரி. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வருபவர்களோ, பெட்டியை இறக்கிவைக்கும் முன்னரே, சந்தியில் இஞ்சிப் பிளேன்ரீ போடும் ஐயா இன்னும் கடை திறக்கிறாரா, பக்கத்து வளவு வேப்பமரத்தை வெட்டிவிட்டார்களா, அந்தச் செவலை நாய் குட்டி போட்டதா என்று கேட்பார்கள். பார்க்கத் தகுந்த இடங்கள் என்று அச்சிடப்படும் எந்தப் பட்டியலிலும் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தும், கொஞ்சம் படித்தும், வந்தவர்களோடு பேசியும் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஊரின் அழகை எவ்வளவு கண்டோம் என்பதைக் கொண்டு அதன்மேல் பற்று வளர்வதில்லை. அங்கே நமக்கென்று ஒரு சிறு வேலையும், ஒரு வழக்கமும், நம்மை அடையாளம் கண்டு தலையசைக்கும் ஒரு முகமும் கிடைத்தனவா என்பதைக் கொண்டே வளர்கிறது. ஆகையால் அதை ஓரளவுக்குத் திட்டமிட்டும் தேடிக்கொள்ளலாம். நான்கைந்து நாள் தங்கும் எண்ணத்தோடு திருகோணமலைக்கு வரும் ஒருவர் அதை எப்படிச் செய்வது என்பதையே கீழே எழுதுகிறேன். வேறு ஊர்களுக்கும் இது பொருந்தக்கூடும். நான் வாழ்ந்து அறிந்த ஊர் இது ஒன்றுதான்.

வெளி எப்போது இடமாகிறது

சீனாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய புவியியலாளர் யி ஃபூ துவான், வெறும் வெளி மனிதருக்கு ஓர் இடமாக மாறுவது எவ்வாறு என்பதை 1970களில் விரிவாக ஆராய்ந்தார். நகர்ந்துகொண்டே இருப்பவருக்கு எதிரில் இருப்பதெல்லாம் வெளிதான் என்பதும், அவர் ஓரிடத்தில் நின்று, அந்த நிற்றலுக்கு ஒரு பொருள் ஏற்பட்ட பின்னரே அது இடமாகிறது என்பதும் அவர் சொன்னதன் சாரம். அதைப் படித்த நாளில் எனக்கு எங்கள் ஊர்ப்பெயர்கள் நினைவுக்கு வந்தன. உப்புவெளி, நிலாவெளி: இரண்டும் வெளிகளே. ஒன்றில் உப்பும் மற்றொன்றில் நிலாவும் ஒட்டிக்கொண்ட பிறகு அவை ஊர்களாகிவிட்டன.

இதையே நம் அகப்பாடல் மரபு இன்னும் கூர்மையாக வகுத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துப் பறவையும் மரமும் உணவும் தொழிலும் பறையும் பண்ணும் கருப்பொருள். மனத்தில் எழுவது உரிப்பொருள். கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலுக்கு உரிய உணர்வாக இரங்கலைச் சொன்னார்கள். கரையில் நின்று ஒரு படகுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பயணிகள் பலர் முதற்பொருளைக் கண்டவுடனேயே உரிப்பொருளை எதிர்பார்க்கிறார்கள். கடலைப் பார்த்தாயிற்று, சூரியனும் உதித்தாயிற்று, இனி மனம் நெகிழ வேண்டும் என்று நிற்கிறார்கள். நெகிழவில்லை என்றால் அடுத்த கடற்கரைக்குப் போகிறார்கள். நடுவில் இருக்கும் கருப்பொருளை, அதாவது இந்த மண்ணின் மீனையும் தொழிலையும் ஓசையையும், அவர்கள் தொடுவதே இல்லை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த நடுப்படியைப் பற்றியது.

வரும் காலம்

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். குளிப்பதற்கும், படகில் புறாமலைத் தீவுக்குப் போவதற்கும், ஆழ்கடலில் திமிங்கிலங்களைக் காண்பதற்கும் அதுவே ஏற்ற காலம். வெயில் மட்டும் கடுமையாக இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடையும் மழையும் சேர்ந்து கடலைக் கலக்கிவிடும். முதல் முறை வருபவர் கச்சான் காலத்தில் வரட்டும். இரண்டாம் முறை வருபவரை நான் மாரியில் வரச் சொல்வேன். படகுகள் கரையேறிக் கிடக்கும் நாட்களில் மனிதர்களுக்குப் பேச நேரம் இருக்கிறது. ஊரை அதன் கடினமான பருவத்தில் வந்து பார்த்தவரோடு ஊரவர் பேசும் பேச்சும் வேறாகத்தான் இருக்கிறது.

ஒரே இடம், மூன்று நாள்

திருகோணமலை நகரம் கடலுக்குள் நீண்ட ஒரு நிலத்துண்டின்மேல் இருக்கிறது. கிழக்குப் பக்கம் டச்பே கடற்கரை. மறுபக்கம் மலைகள் சூழ்ந்த உட்துறைமுகம். இரண்டுக்கும் இடையே நடந்தே போய்வரலாம். காலையில் ஒரு கரையில் கடலிலிருந்து சூரியன் எழுவதையும், மாலையில் மறு கரையில் அது துறைமுகத்துக்கு அப்பாலுள்ள குன்றுகளுக்குப் பின்னால் இறங்குவதையும் ஒரே நாளில் காணக்கூடிய ஊர்கள் அதிகம் இல்லை. 1775 ஆம் ஆண்டு, இளம் மாலுமியாக இங்கே வந்த, பின்னாளில் பிரித்தானியக் கடற்படைத் தளபதியான ஹொரேஷியோ நெல்சன் முதல் இன்றைய எண்ணெய்க் கப்பல்கள் வரை எல்லோரையும் இந்தத் துறைமுகத்தின் ஆழம் அழைத்து வந்திருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. இரண்டு கரைகளில் ஒன்றை முதல் நாளே தெரிவுசெய்து, ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், மூன்று நாள் தொடர்ந்து போய் உட்காருங்கள்.

முதல் நாள் கடலைத்தான் பார்ப்பீர்கள். இரண்டாம் நாள், நேற்று அதே இடத்தில் நின்ற கச்சான் கடலை வண்டிலும், அதே இரண்டு கிழவர்களும், அதே நேரத்துக்கு ஓடவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கண்ணில் படுவார்கள். மூன்றாம் நாள் அவர்கள் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார்கள். அந்தத் தலையசைப்புக்காகத்தான் இந்த மூன்று நாளும். பழக்கமில்லாத சொற்களையும் எழுத்து வடிவங்களையும் முகங்களையும் திரும்பத் திரும்பக் காட்டினாலே மனிதருக்கு அவற்றின்மேல் விருப்பம் கூடுகிறது என்பதை 1968 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. அதன்பின் அந்த விளைவு பல வகையாகச் சோதித்து அறியப்பட்டிருக்கிறது. இந்த விளைவு இரு பக்கமும் வேலை செய்கிறது என்பதை நான் சேர்த்துக்கொள்வேன். ஊர் உங்களுக்குப் பழகுகின்ற அதே வேளையில் நீங்களும் ஊருக்குப் பழகிவிடுகிறீர்கள்.

தேநீர்க் கடைக்கும் இதுவே முறை. நாளுக்கொரு கடையைத் தேடாமல் ஒரே கடைக்குப் போங்கள். வாங்கிக்கொண்டு வெளியேறாமல் உள்ளே வாங்கில் உட்கார்ந்து குடியுங்கள். “எங்க இருந்து வாறீங்க?” என்று யாரேனும் கேட்டால், கொழும்பு என்றோ லண்டன் என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். தாயாரின் ஊர், பாட்டனார் செய்த தொழில், யாரையேனும் தேடி வந்தீர்களா என்பதையெல்லாம் சொல்லுங்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நெடுங்காலமாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்துவரும் ஊர் இது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர், புகையிரதத்தில் வேலை பார்த்தவர், ஆசிரியராக மாற்றலாகி வந்தவர் என்று எல்லா மாவட்டத்து மனிதரும் இங்கே ஒரு காலத்தில் இருந்திருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குள் உங்களுக்கும் கடையில் இருக்கும் ஒருவருக்கும் பொதுவான ஓர் ஊரோ ஓர் ஆளோ அகப்படாமல் போவது அரிது.

கயிற்றைப் பிடிப்பது

நான் சொல்லப்போவனவற்றுள் ஒன்றை மட்டுமே செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

உப்புவெளி தொடங்கி வடக்கே நிலாவெளியையும் தாண்டி, கடற்கரையின் பல இடங்களில் இன்னும் கரைவலை இழுக்கிறார்கள். வலையை ஏற்றிய படகு கரையிலிருந்து புறப்பட்டு, கடலுக்குள் அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டு, சில நூறு மீற்றர் தள்ளி மீண்டும் கரைக்கு வரும். இரண்டு முனைகளிலும் நீண்ட கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கூட்டமாக நின்று, பின்னோக்கி நடந்தபடியே இழுப்பார்கள்; கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு மீண்டும் நீர் விளிம்புக்கு வந்து முன்னால் பிடித்துக்கொள்வார். இழுக்க இழுக்க இரண்டு கூட்டங்களும் ஒன்றையொன்று நெருங்கி வரும். சில இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலி அந்த வேலையைச் செய்துவந்திருக்கிறது. கையால் இழுக்கும் இடம் எது என்று தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு விடியற்காலையில் போங்கள்.

போனவுடன் கயிற்றைத் தொட வேண்டாம். வலைக்குப் பொறுப்பானவர் யாரென்று கேட்டு, அவரிடம் ஒரு கை பிடிக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருப்பையும் கழற்றிவிடுங்கள், ஈர மணலில் குதிகாலை ஊன்ற அதுவே வசதி. கயிறு ஈரமாகவும், மணல் ஒட்டிச் சொரசொரப்பாகவும் இருக்கும். முதல் பத்து நிமிடத்தில் உங்கள் கை மற்றவர்களின் தாளத்துக்கு வராது. அவர்கள் இழுக்கும்போது நீங்கள் ஓய்வீர்கள், அவர்கள் ஓயும்போது நீங்கள் மட்டும் இழுத்துக்கொண்டிருப்பீர்கள். முன்னால் நிற்பவரின் முதுகைப் பாருங்கள். அவர் தோள்பட்டை பின்னே சாயும் கணத்தில் நீங்களும் சாயுங்கள். யாரேனும் அம்பா பாடத் தொடங்கினால் தாளம் தானாக வந்துவிடும், ஏனென்றால் அந்தப் பாட்டு அதற்கென்றே பிறந்தது. இழுவை நடக்கும் நேரம் முழுவதும் உங்களால் நிற்க முடியாது என்றால், ஒருவர் வந்து இடத்தை நிரப்பும்போது சொல்லிவிட்டு விலகுவதில் தவறில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டில் தங்கிய ஒரு கணக்காய்வாளர், கைத்தொலைபேசியில் வலையைப் படம் எடுக்கப் போனவர், கயிற்றில் ஆள் குறைந்ததால் அழைக்கப்பட்டு ஒரு மணி நேரத்துக்குமேல் இழுத்தார். வலையின் மடி கரைக்கு வந்தபோது நெத்தலியும் கீரியும் சூடையுமாக மீன்கள் வெள்ளிக்காசு கொட்டியதுபோல் துள்ளின. காகங்கள் தலைக்குமேல் சுற்றின. மீனைப் பங்கிட்டவர் இவரை நிமிர்ந்து பார்க்காமலே, மற்றவர்களுக்குக் கொடுத்த அதே அளவில், கறிக்கென்று இரண்டு கை மீனை அள்ளி ஒரு சொப்பிங் பையில் போட்டு நீட்டினார். அவர் அந்தப் பையோடு வீட்டுக்கு வந்து நின்ற நிலை எனக்கு மறக்காது. உள்ளங்கைகள் சிவந்திருந்தன, பையின் அடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதைத் தரையில் வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “எனக்கும் பங்கு தந்தாங்க” என்றார். அவருடைய தொழிலில் அவர் பெறும் ஊதியத்தோடு ஒப்பிட்டால் அந்த மீனின் விலை ஒன்றுமே இல்லை. நாங்கள் அதைப் பொரித்துக் கொடுத்தோம். அதன்பின் மூன்று முறை வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் முதல் விடியற்காலை கடற்கரைக்குத்தான் போகிறார்.

அங்கே நடந்தது என்ன என்று எண்ணிப் பார்க்கிறேன். பயணி எப்போதும் பணம் கொடுப்பவராகவும் ஊரவர் எப்போதும் அதைப் பெறுபவராகவும் இருக்கின்றனர். அந்த ஒரு காலையில் அவர் உழைப்பைக் கொடுத்தார், ஊர் அவருக்குக் கூலி கொடுத்தது. கணக்கு நேரானதால் அவர் விருந்தாளி என்ற நிலையிலிருந்து ஒரு படி உள்ளே வந்துவிட்டார். இதனால்தான், இழுத்த பிறகு பணம் நீட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மீன் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மீன்பாடு குறைவான நாளில் தராவிட்டால் வெறுங்கையோடு வாருங்கள். அன்று அவர்களுக்கும் வெறுங்கைதான்.

கயிறு இழுக்க உடல்நிலை இடம் தராதவர்கள் தங்கும் வீட்டில் தேங்காய் துருவலாம், புட்டுக்கு மாக்குழைக்கக் கற்றுக்கொள்ளலாம், கோயிலில் மாலை கட்டுபவர்களோடு அமரலாம். கை ஒரு வேலையைப் பழகுவதே நோக்கம்.

கோட்டைக்குள்ளும் பாறை உச்சியிலும்

கோணேசர் கோயிலுக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. அதனால் எங்கே எப்படி நிற்பது என்பதை மட்டும் சொல்கிறேன். போர்த்துக்கேயர் 1622 ஆம் ஆண்டு பழைய கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டையைக் கட்டினார்கள். இப்போது பிரெடெரிக் கோட்டை எனப்படும் அதன் வாயிலில் மீன் சின்னங்களும் சிதைந்த ஒரு தமிழ்க் கல்வெட்டும் இன்னும் இருக்கின்றன. வாகனத்தில் போகிறவர்களுக்கு அது தெரிவதே இல்லை. வாயிலுக்கு வெளியே இறங்கி, கல்வெட்டின் எழுத்துகளில் உங்களால் வாசிக்கக்கூடிய ஒன்றையேனும் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, மான்கள் மேயும் அந்தச் சாலையில் நடந்தே மேலே போங்கள். இன்று நாம் காணும் கோயிலுக்கு 1963 ஆம் ஆண்டு குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக் காலம், கோயில் இல்லாத பாறையின்மேலும் மக்கள் பற்றை விடாமல் வைத்திருந்தார்கள் என்பதை ஏறும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போனதும் எல்லோரும் இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவுக்கு அருகில் நின்று படம் எடுப்பார்கள். நீங்களும் எடுங்கள், ஆனால் பிறகு. அருங்காட்சியகம் ஒன்றில் பார்த்த பொருட்களைப் படம் எடுத்தவர்கள், எடுக்காமல் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்ததாக லிண்டா ஹெங்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014 இல் வெளியான தம் ஆய்வில் காட்டினார். பொருள் முழுவதையும் எடுக்காமல் அதன் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களிடம் அந்தக் குறை காணப்படவில்லை. ஆகையால் முழுக் கடலையும் படத்துக்குள் அடக்க முயல வேண்டாம். பிள்ளை வரம் வேண்டி மரக்கிளையில் கட்டிய தொட்டில்களில் ஒன்றை, அதன் நூல் முடிச்சு தெரியும்படி, மனத்தில் வாங்கிய பிறகு ஒரே ஒரு படம் எடுங்கள். அதைக் கட்டியவர்களின் வேண்டுதல் அது என்பதால் கையால் தொடாதீர்கள்.

அதன்பின் கண்ணை மூடிக்கொண்டு பாறையடியில் அலை மோதும் ஓசையைக் கேளுங்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்தக் கோணமாமலையைப் பாடியபோது அதைச் சூழ்ந்த கடலின் ஆரவாரத்தைப் பாட்டில் வைத்தார். அவர் கடல் கடந்து வரவில்லை, இராமேசுவரத்திலிருந்தே பாடினார் என்பது மரபு. காணாத இடத்தின்மேலும் பற்று உண்டாகும் என்பதற்கு நம் மொழியில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளோடு வருபவர்கள், வருவதற்கு ஒரு கிழமை முன்னரே இந்தக் கதையையும், இராவணன் மலையைப் பெயர்க்க முயன்ற கதையையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். தான் கேள்விப்பட்ட பாறையைத் தேடிக்கொண்டு ஏறும் பிள்ளை கால் வலிக்கிறது என்று சொல்வதில்லை.

இதே பாறையின் அடிக்கடலில் 1956 ஆம் ஆண்டு சுழியோடிய மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் பழைய கோயிலின் இடிபாடுகளை நீருக்கடியில் கண்டார்கள். கடலுக்குள் இறங்கும் ஆசையால் இலங்கைக்கு வந்த கிளாக், 2008 இல் காலமாகும்வரை இந்த நாட்டிலேயே வீடுகொண்டு வாழ்ந்தார். ஆசை கண்ணோடு நிற்காமல் உடம்பு முழுவதும் இறங்கிய பயணி ஒருவரை அவரிடம் காண்கிறேன்.

கன்னியாவில் அடக்கம்

நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினால் கன்னியா. சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயாரின் இறுதிக் கடனைச் செய்ய இராவணன் ஏற்படுத்திய ஊற்றுகள் இவை என்பது ஐதிகம். அதனாலேயே இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் கடன் செய்ய இங்கே வரும் வழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. ஏழு வாளியையும் வரிசையாகத் தலையில் ஊற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம், அதிலும் தவறில்லை. எனினும், பக்கத்துக் கிணற்றில் ஒரு குடும்பம் மொட்டையடித்த மகனோடு நிற்பதைக் கண்டால், பேச்சைக் குறைத்து, கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை விலகி நில்லுங்கள். அவர்களுக்கு அந்த நீரின் சூடு ஒருவரின் நினைவாக என்றென்றும் இருக்கப்போகிறது. மற்றவரின் பிணைப்புக்கு இடம்விட்டு நிற்கும்போது அந்த இடத்தின் கனம் நமக்கும் கொஞ்சம் விளங்குகிறது.

நெடுநாளின் பின் திரும்பி வருபவர்களுக்கு

புலம்பெயர்ந்து போய் முப்பது, நாற்பது ஆண்டுகளின் பின் வருபவர்கள் வேறு வகையினர். அவர்களுக்குப் பிணைப்பை உண்டாக்க வேண்டிய தேவை இல்லை. இருக்கும் பிணைப்பு உடையாமல் பார்த்துக்கொள்வதே பெரிய காரியம். ரொறன்ரோவிலிருந்து வந்த ஓர் அம்மாவை மூதூருக்கு அழைத்துப் போனபோது, கிண்ணியாப் பாலத்தின் நடுவில் வாகனத்தை நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, “பாதை எங்க?” என்று கேட்டார். வீதியின் நடுவே நின்று பாதையைத் தேடுகிறாரே என்று வண்டியோட்டிய இளைஞன் திகைத்தான். எங்கள் பக்கத்தில் பாதை என்றால், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவை. 2009 ஆம் ஆண்டு 396 மீற்றர் நீளமான இந்தப் பாலம் திறக்கப்படும்வரை அதுதான் வழி. பாலம் வந்ததால் நோயாளிகளும் மாணவர்களும் பட்ட துன்பம் எவ்வளவோ குறைந்தது; அந்த அம்மாவும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் மனத்திலிருந்த திருகோணமலைக்குள் நுழையும் வாசல், பாதைக்காகக் காத்து நின்ற அந்த அரை மணி நேரமாக இருந்தது.

மூளையைப் பற்றிய ஆராய்ச்சி இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. எலி ஒன்று குறித்த ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்புக்கலங்களை அதன் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் ஜோன் ஓ'கீஃப் 1971 இல் கண்டறிந்தார். அதற்காக 2014 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் மேலும் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் வாழ்வில் நடந்தவற்றின் நினைவை உருவாக்குவதிலும் அதே பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. இடமும் நினைவும் ஒரே வீட்டில் குடியிருப்பதால், இடம் மாறிவிட்டதைக் காணும்போது நினைவையே யாரோ பறித்துவிட்டதுபோல் வலிக்கிறது.

ஆகவே திரும்பி வருபவர்கள் பழைய வீட்டுக்கு முதல் நாளே போகாதீர்கள். வீடு கைமாறியிருக்கும், அல்லது இடிந்திருக்கும், அல்லது 2004 ஆம் ஆண்டுக் கடல்கோளுக்குப் பின் மண்ணோடு மண்ணாகியிருக்கும். மாறாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கன்னியாவின் சூடு மாறவில்லை. டச்பேயில் காலை வெயில் விழும் கோணம் மாறவில்லை. மீன் சந்தையின் மணம் மாறவில்லை; மற்றப் புலன்களைப்போல் சுற்றிவராமல், மணம் மட்டும் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளை ஏறத்தாழ நேராகவே எட்டுகிறது என்பதால், இரண்டு நிமிடம் அங்கே நின்றாலே போதும். இவற்றால் மனம் உறுதிப்பட்ட பின், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வீட்டைப் பார்க்கப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். இப்போது அங்கே வாழ்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். பெரும்பாலானவர்கள் உள்ளே அழைத்துத் தேநீர் தருவார்கள். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது. வீடு அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. கிணற்றுக் கட்டு மட்டும் அப்படியே இருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் நின்றார்.

ஊருக்கு நாம் செய்வது

பற்று வந்துவிட்டது என்றால் சில பொறுப்புகளும் சேர்ந்து வருகின்றன. புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே முருகைக்கற்களின் (பவளப்பாறைகளின்) மேல் காலை ஊன்றாதீர்கள், உடைந்த துண்டையும் எடுத்து வராதீர்கள். கோட்டை மான்களுக்குப் பையோடு எதையும் நீட்டாதீர்கள். பையையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. ஊரவரிடம் போர்க்காலத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால், இடைமறிக்காமல் கேளுங்கள்.

புறப்படும் நாள்

உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1993 இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கையை அறுபது வினாடி மிகக் குளிர்ந்த நீரில் வைப்பது ஒன்று. அதே அறுபது வினாடியோடு, குளிர் சற்றே தணிந்த நீரில் மேலும் முப்பது வினாடி வைப்பது மற்றொன்று. எதை மீண்டும் செய்வீர்கள் என்று கேட்டபோது, மொத்த வேதனை கூடுதலாக இருந்தும், முடிவு தணிந்திருந்த இரண்டாவதையே பெரும்பாலோர் தெரிவுசெய்தார்கள். உச்சமும் முடிவுமே நினைவை ஆள்கின்றன என்பது அதிலிருந்து பெற்ற முடிவு. பயணிகளோ கடைசி நாளில்தான், விடுபட்ட மூன்று இடங்களையும் ஒரே காலையில் பார்த்துவிட்டு, வியர்த்து, பசித்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

கடைசி அரை நாளைக் காலியாக வைத்திருங்கள். மூன்று நாள் உட்கார்ந்த அதே இடத்தில் நான்காம் முறையும் போய் உட்காருங்கள். தேநீர்க் கடை ஐயாவிடம் இன்று போகிறோம் என்று சொல்லுங்கள்; சொல்லாமல் போவது எங்கள் பக்கத்தில் மனக்குறையாகவே கொள்ளப்படும். “போட்டு வாறன்” என்று சொல்லி விடைபெறுங்கள். இரவு புகையிரதத்தில் போவது முடியுமானால் அதையே தெரிவுசெய்யுங்கள். ஊர் மெல்ல மெல்லப் பின்னால் போவதைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

நினைவுப் பொருள் என்று சிப்பி மாலையோ தகட்டில் வரைந்த படமோ வாங்கினால் அது அலுமாரியில் ஏறிவிடும். நான் வருபவர்களிடம் நெத்தலிக் கருவாட்டைத்தான் சொல்வேன். கால் கிலோ போதும். காய்ந்திருக்கிறதா என்று ஒன்றை ஒடித்துப் பாருங்கள்; நன்றாகக் காய்ந்தது சடக்கென்று ஒடியும். பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் ஒரு பையில் இறுகக் கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் உடனே சமைத்துவிடாமல் ஒரு கிழமை கழித்து, வேலைநாள் ஒன்றின் மாலையில், வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பொரியுங்கள். சமையலறை ஜன்னலைக் கொஞ்ச நேரம் மூடியே வைத்திருங்கள்.